பழையசீவரத்தில் இறங்கியிருக்கிறீர்களா?



மாட்டுப் பொங்கலுக்கு நம் வரதராஜப் பெருமாள் எங்கே போவார்? சின்ன காஞ்சிபுரத்துக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: பார்வேட்டைக்குப் பழையசீவரம். வாலாஜாபாத் தாண்டி, மலையேறி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் வரை போய்வருவார்.

சரி, நாம் எப்படிப் போகிறோம்? பைக், கார், வேன். அந்த ஊருக்கு ரயில் ஸ்டேஷன் இருப்பதே பலருக்கு நினைவில்லை. போன மாதம் வரை எனக்கும்தான்!

காஞ்சிபுரம் கிழக்கில் ஏறினால் நத்தப்பேட்டை, வாலாஜாபாத், அடுத்தது பழையசீவரம். எவ்வளவு பழைய தடம் தெரியுமா? ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது 1856-ல். ஒன்பதே வருஷத்தில், 1865-ல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிக்கு மூன்றரை அடி அகலத்தில் பாதை போட்டுவிட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி. அது பிறகு மீட்டர் கேஜாக மாறி, செங்கல்பட்டு வரை நீண்டு, இன்று பிராட் கேஜில் மின்சார வண்டி ஓடுகிறது. ஆனாலும் ஒற்றைத் தடம்தான். எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே!

பாவு, ஊடை, முதலாளி, கூலி என்று வாரம் முழுக்க ஓடும் நெசவாளர் வீட்டில், ஐந்து பேர் வெளியே கிளம்பினாலே பெட்ரோல் கணக்கு பயமுறுத்துகிறது. பாசஞ்சர் டிக்கெட்டுக்கு அந்தப் பயம் உண்டா? இன்னொன்றையும் யோசியுங்கள். சின்ன ஸ்டேஷனில் ஏறி இறங்க ஆளில்லை என்றால், வண்டி அங்கே எத்தனை நாள் நிற்கும்? காய்கறிக் கூடையோடும் காலேஜ் பையோடும் அந்த வண்டியையே நம்பி இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நாம் எடுக்கும் டிக்கெட் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

போனால் மலைமேல் லட்சுமி நரசிம்மரைப் பாருங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் கீழே தெரியும். பாலத்தைக் கடந்து திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்கும் போங்கள். அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறது. வைத்தியர், மருந்துகள், நோயாளிக்குச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பாடப் புத்தகச் சோழன் கொஞ்சம் கிட்டே வருவான்.

தை வரை காத்திருக்க வேண்டாம், கூட்டமில்லாத ஞாயிறு போதும். திரும்பும் வண்டி நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் புளியோதரை இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்