மீண்டு வந்த மஹா

 

அரபு நாடுகளில் பெண்மக்களுக்கு 'மஹா' எனப் பெயர் சூட்டுவர். பாலைவனத்தில் வாழும் வெண்ணிற மானினத்தின் பெயர் அது. அழகிய விழிகளுக்கு அதன் விழிகளை உவமை கூறுவது அரபுக் கவிஞர்களின் தொன்றுதொட்ட வழக்கம். பெயரும் உவமையும் நிலைத்திருக்க, அவ்விலங்கு மட்டும் ஒரு காலத்தில் பாலைவனத்தைவிட்டே மறைந்துபோனதை நம்மில் பலர் அறியார்.

நீர் அருந்தாமலே நெடுநாள் வாழ வல்லது மஹா. செடிகளில் உள்ள ஈரமே அதற்குப் போதும். பாலையின் கொடும் வெப்பத்தைத் தாங்கும் உடலை இறைவன் அதற்கு அளித்தான். ஆனால், மனிதன் மோட்டார் வாகனத்தில் ஏறித் துப்பாக்கியுடன் துரத்தியபோது அதனால் தப்ப இயலவில்லை. 1972-ஆம் ஆண்டு ஓமானில் எஞ்சியிருந்தவையும் வேட்டைக்கு இரையாயின.

இந்த அழிவை முன்னுணர்ந்த சிலர் 1962-இலேயே மீட்புப் பணியைத் தொடங்கியிருந்தனர். ஏடன் பகுதியில் பிடிக்கப்பட்டவை மூன்று, லண்டனிலிருந்து ஒன்று, குவைத்திலிருந்து ஒன்று, சவூதி மன்னர் வழங்கியவை நான்கு என ஒன்பது மஹாக்கள் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர விலங்குக்காட்சி சாலையில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அங்கே அவை பெருகின.

அவ்வாறு பெருகியவை தாயகம் திரும்பிய இடங்களுள் ஒன்று, ஜோர்தானில் அஸ்ரக் நகருக்கு அருகிலுள்ள ஷவ்மரி வனவிலங்குக் காப்பகம். 1975-இல் அமைக்கப்பட்ட அதன் பரப்பு 22 சதுர கிலோமீட்டர். 1978-இல் மஹாக்கள் அங்கு வந்து சேர்ந்தன. அந்த மண்ணுக்குரிய விலங்குகளைப் பேணி வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். வருவோரை வண்டியில் ஏற்றி, திறந்த வெளியில் மேயும் மந்தைகளைக் காட்டுகின்றனர்.

ஓமானிலும் 1982-இல் மஹாக்கள் பாலைவெளியில் விடப்பட்டன. ஹராஸீஸ் குலத்தினரே காவலர்களாய் நின்றனர். 1994-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால், 1996 முதல் திருட்டுவேட்டை தலைதூக்கியது. செல்வர்களின் தனித்தோட்டங்களுக்கு விற்பதற்காக மஹாக்கள் உயிருடன் பிடிக்கப்பட்டன. பின்னர் காப்பகத்தின் பரப்பும் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 2007-இல் அவ்விடம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. எனினும், பிற நாடுகளின் முயற்சியும் சேர்ந்ததால், மஹாவின் நிலை தேறியுள்ளதாக 2011-இல் உலகப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

இஹ்ராம் அணிந்தவர் தரைவிலங்குகளை வேட்டையாடுதல் கூடாது என்பதை நம் மதரஸாக் குழந்தைகளும் அறிவர். ஆற்றல் இருந்தும் கையை அடக்கிக்கொள்ளும் பயிற்சி அது. அப்பயிற்சி அந்த நாட்களோடு முடிந்துவிடலாமா?

வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சகோதரர்களும், ஜோர்தான் வழியே பயணம் செய்வோரும், வாய்ப்பிருப்பின் குடும்பத்துடன் இத்தகைய காப்பகத்தைக் கண்டு வாருங்கள். "இந்த வேலி எதற்கு?" எனப் பிள்ளைகள் வினவினால், உண்மையைச் சொல்லுங்கள்: மானை அடைப்பதற்கு மட்டுமன்று, மனிதனைத் தடுப்பதற்கும்தான்.