குழந்தைக்கு உடம்பு சுட்டால் கம்ப்யூட்டரைக் கேட்கலாமா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்போம். ரயில் நேரம், பரீட்சை ரிசல்ட், சமையல் குறிப்பு என எல்லாம் நொடியில் வந்துவிடும். அதே பழக்கத்தில் ஒரு நாள் குழந்தையின் காய்ச்சலைப் பற்றியும் கேட்போம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கும் நானும் அதில் மாட்டிக் கொண்டவன்தான்.

என் சொந்த ஊர் காரைக்குடி பக்கத்தில் உள்ள நாச்சியாபுரம். அக்னி நட்சத்திர சமயத்தில் ஒரு நாள் மூன்று வயதான அண்ணன் மகன் பகல் முழுக்க வெயிலில் ஓடியாடி இருக்கிறான். சாயங்காலம் உடம்பு சுட்டது. ஒரு தடவை வாந்தி எடுத்தான். தலை வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிட்டான். சென்னையில் இருந்த எனக்கு மதினி போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் நெட்ல பார்த்துச் சொல்லுங்களேன்."

நான் உடனே "குழந்தை, காய்ச்சல், வாந்தி, தலைவலி" என்று டைப் செய்தேன். மூளைக்காய்ச்சல் என்று வந்தது. "சோர்வு" என்ற வார்த்தையையும் சேர்த்தேன். அதைவிடப் பயங்கரமான நோய்களின் பெயர்கள் வந்தன. பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்துவிட்டேன். மதினிக்கு என்ன பதில் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

வெளியே போயிருந்த அம்மா அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தார் போலிருக்கிறது. போனில் அவர் குரல் கேட்டது. "பிள்ளை தண்ணி குடிச்சானா? ஒண்ணுக்கு எப்பப் போனான்?"

மத்தியானத்துக்குப் பிறகு போகவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் திறந்து வைத்திருந்த பன்னிரண்டு பக்கங்களில் ஒன்றுகூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக் கொண்டே அன்றிரவே காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் கொண்டு போனார்கள். அவரும் முதலில் அதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்டாராம். வெயிலில் உடம்பில் நீர் வற்றியதுதான் காரணம் என்றார். மறுநாள் காலையில் பையன் எழுந்து இட்லி கேட்டான்.

சர்ச் இன்ஜின் ஏன் இப்படிச் செய்கிறது? நாம் டைப் செய்த வார்த்தைகள் எந்தப் பக்கத்தில் உள்ளன, அந்தப் பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் லிங்க் கொடுத்துள்ளன என்பது போன்ற கணக்குகளை வைத்துத்தான் அது வரிசைப்படுத்துகிறது. உங்கள் குழந்தைக்கு எது வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு அதனிடம் இல்லை. அபூர்வமான நோய்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏராளம். வெயிலில் ஆடிவிட்டு வாடிப் போன பிள்ளையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத யார் இருக்கிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்களான ரையன் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-ல் இதை ஆராய்ந்தார்கள். சாதாரணத் தலைவலி என்று தேட ஆரம்பிப்பவர்கள் மூளைக்கட்டி வரை போய் நிற்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். இந்தக் கோளாறுக்கு "சைபர்காண்ட்ரியா" என்றே பெயர் இருக்கிறது. இப்போது தேடல் முடிவுகளுக்கு மேலே ஏ.ஐ. எழுதித் தரும் பதிலும் வருகிறது. அதுவும் நாம் டைப் செய்ததைத்தான் அறியும். குழந்தையின் கண் குழிந்திருக்கிறதா என்று அதனால் பார்க்க முடியாது.

"ராத்திரி நேரத்தில், டாக்டர் இல்லாத ஊரில் வேறு என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்டர்நெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதறும் நேரத்தில் தேடாதீர்கள், நிதானமாக இருக்கும் நாளிலேயே தேடி வைத்துக் கொள்ளுங்கள் என்கிறேன்.

தேட வேண்டியது எது தெரியுமா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990-களில் சுகாதாரப் பணியாளர்களுக்காக ஒரு வழிமுறையை உருவாக்கின. புரோகிராம் எழுதக் கற்கும்போது போடுவோமே, அதே ஃப்ளோ சார்ட்தான்! நோயின் பெயரை அது முதலில் தேடுவதில்லை. இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைக்கு முதலில் நான்கே கேள்விகள்.

1. குழந்தையால் குடிக்கவோ தாய்ப்பால் உறிஞ்சவோ முடியவில்லையா?
2. கொடுப்பதையெல்லாம் வாந்தி எடுக்கிறதா?
3. வலிப்பு வந்ததா?
4. எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறதா, நினைவில்லையா?

ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கேள்விகளே தேவையில்லை, உடனே கிளம்பி விடுங்கள்.

வெயில் நாளில் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, குழந்தை பிதற்றினாலோ வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் வேலை செய்யாது. 108-க்குப் போன் செய்துவிட்டு, குழந்தையை நிழலுக்குக் கொண்டு வந்து, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவில்லாத குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெப்ப அலையைத் தமிழக அரசே 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. எனவே இது எங்கோ நடப்பது என்று இருந்துவிட வேண்டாம்.

அதற்காக "எல்லாம் வெயில்தான்" என்று நாமே தீர்ப்பு எழுதுவதும் தவறு. டெங்குவும் மூளைக்காய்ச்சலும் இதே மாதிரி ஆரம்பிக்கலாம். கழுத்து விறைத்தாலோ காய்ச்சல் தணியாவிட்டாலோ டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்திலும் பெயரை மட்டும் தேடி ஏமாறாதீர்கள். இந்தப் பெயரைப் போட்டுக் கொண்டு சர்க்கரை அதிகமான பானங்கள் பல ஆண்டுகள் கடைகளில் விற்றன. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அந்த அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்க வேண்டும். பாக்கெட்டில் இதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவு தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல வேலை கொடுங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளை டைப் செய்யுங்கள். கீழே 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, உங்கள் டாக்டரின் நம்பர் மூன்றையும் பெரிய எழுத்தில் சேருங்கள். பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பிரிண்டர் இல்லாவிட்டால் கையால் எழுதினாலும் போதும். இதைக் கையோடு செய்து மதினிக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். அம்மாவின் இரண்டு கேள்விகளையும் அதில் மறக்காமல் சேர்த்திருக்கிறேன்.