பழைய சொகுசு கார் வாங்க நினைப்பவர்களுக்கு



இரண்டு மாதத்தில் மூன்று பேர் பழைய பென்ஸ், ஆடி, பி.எம்.டபிள்யூ படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி "வாங்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் என் அக்காள் மகன். அவன் மட்டும் "மாமா" என்று கேட்டான். ரிடையர்டு கணக்கு வாத்தியாருக்கும் ஜெர்மன் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். இதில் பாதிக்கு மேல் கணக்குதான். மீதிக்கு, கோவையில் இந்த வண்டிகளை மட்டுமே பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் இருக்கிறான். அன்று கடைசி பெஞ்ச். இன்று அவன் சொல்ல, நான் குறிப்பெடுக்கிறேன்.

புதிதில் 60 லட்சம் விலை இருந்த வண்டி, எட்டு ஒன்பது வருடம் கழித்து 15 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 15 லட்சம் கார் வாங்கியதாக நினைக்கிறீர்கள். வண்டிக்கு அது தெரியாது. அதன் ஹெட்லைட், கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் இன்னும் 60 லட்சம் காரின் பாகங்கள்தான். வண்டி விலை இறங்கியது போல உதிரிபாக விலை இறங்காது. பி.எம்.டபிள்யூ பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, ரன்-ஃபிளாட் டயர். நான்கையும் மாற்றினால் என் இரண்டு மாத ஓய்வூதியம் போய்விடும்.

ஆகவே என் கருத்து இது. வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 15 லட்சத்துக்கு 3 லட்சம், வாங்கிய அன்றே தனியாக வங்கியில் கிடக்க வேண்டும். அது இல்லாமல் வாங்குவது மலிவு அல்ல, தவணையில் வரும் செலவு. அக்காள் மகனோ பர்சனல் லோன் போட்டு வாங்கப் பார்த்தான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். "இப்போது வேண்டாம்டா" என்றேன். இரண்டு வாரமாகப் போனை எடுக்கவில்லை. பரவாயில்லை, இதையாவது படிக்கட்டும்.

பணம் இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள். நல்ல வண்டி நல்ல வண்டிதான். அதன் பிரேக்கும் பாதுகாப்பும் எனக்கே பிடிக்கும். ஆனால் விலை அதிசயமாகக் குறைந்திருந்தால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல் உச்ச நீதிமன்றமும் தடை விதித்தன. அந்த வயதை நெருங்கும் வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு வருவது அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. அதில் குற்றமில்லை. அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். புரோக்கர் "அப்படியே ஓட்டலாம் சார்" என்பார். போலீஸ் நிறுத்தும்போது அவர் பக்கத்து சீட்டில் இருக்கமாட்டார்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தோமே! இந்த வண்டிகளில் எலெக்ட்ரானிக்ஸ் அதிகம். சில கண்ட்ரோல் பெட்டிகள் சீட்டுக்கும் கார்பெட்டுக்கும் அடியிலேயே இருக்கும். தண்ணீர் பட்டது உடனே சாகாது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக மக்கர் செய்யும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை தெரியலாம். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கிலோமீட்டரை மீட்டரில் பார்த்து நம்பாதீர்கள். பழைய சர்வீஸ் பில் ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் எழுதியிருக்கும். தேதியோடு வரிசையாக எழுதிக் கழித்துப் பாருங்கள், ஆறாம் வகுப்புக் கணக்கு. பில் இல்லை என்றால் உரிமையாளரையே கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். அவர் வர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்களே போங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? யாரோ உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. கடைசியில் லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடன் அடைந்து ஆர்.சி.யில் ஹெச்.பி. நீக்கப்பட்டிருக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவர்களும் கேளுங்கள்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. பெயர் மாறும்வரை வண்டி உங்களுடையதுதான்.

கோவைத் தம்பியின் எண் வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் உண்டு. என் பெயரைச் சொல்லித் தள்ளுபடி கேட்காதீர்கள். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.