எந்த வெள்ளைக்கு அஞ்சுவது?

பெண்ணைப் பிடித்திருந்தது, பேச்சும் முடிந்துவிட்டது. தாம்பூலம் மாற்றும் வேளையிலே, பெண்ணின் முழங்கையருகே காசளவு வெள்ளை ஒன்று கண்ணில் பட்டது. அவ்வளவுதான், “வெண்குட்டம்!” என்று கூவி எழுந்து போய்விட்டார்கள். ஊருக்கு ஊர் நடக்கும் கூத்து இது. முற்பிறவிப் பாவம் என்று ஒரு கிழவி முணுமுணுப்பாள். மீனும் பாலும் சேர்த்துத் தின்றதன் விளைவு என்று இன்னொருவர் தீர்ப்பளிப்பார். முதலில் எழுந்து நடந்த பெரியவரின் கன்னத்திலே புகையிலை அடங்கியிருக்கும். அந்தக் கன்னத்தின் உட்புறத்திலும் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கக்கூடும். அதை யார் பார்த்தார்கள்?

நாம் கேட்கிறோம், தோழர்களே: குட்டம் என்ற சொல்லை அந்தப் பெண்ணின் தோலிலே ஒட்டியது யார்? தோலுக்கு நிறமூட்டும் மெலனினை ஆக்கும் உயிரணுக்களை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தவறுதலாகத் தாக்கி அழிப்பதால் வருவது அந்த வெள்ளை. தொட்டால் ஒட்டாது, உடன் உண்டால் பரவாது. உலகில் ஏறத்தாழ நூற்றுவரில் ஒருவருக்கு உண்டு. தமிழக அரசே 2010-இல் ‘வெண்குட்டம்’ என்னும் சொல்லை ஒதுக்கி, ‘வெண்புள்ளி’ என வழங்குமாறு ஆணையிட்டது. ஆணை கோட்டையிலே கிடக்கிறது. பழைய சொல் திண்ணையிலே வாழ்கிறது!

தொழுநோய் வேறு. அது கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். அதன் தேமல் பால்போல் வெளுப்பதில்லை. மங்கி வெளிறியோ சிவந்தோ இருக்கும். பஞ்சால் வருடினால் அவ்விடத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். வெண்புள்ளியிலோ உணர்ச்சி குறைவதில்லை. அந்தத் தொழுநோயும் ஆறு மாதமோ ஓராண்டோ கூட்டு மருந்து உண்டால் தீர்ந்துவிடும். அரசு மருத்துவமனையில் அம்மருந்துக்குக் காசில்லை. தீரும் நோய் என்று தெரிந்த பின்னும், அதைக் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்ற விதி 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்திலிருந்து நீங்க 2019 வரை ஆயிற்று! படித்தவர்கள் எழுதிய சட்டமே அப்படியென்றால், பாட்டியை மட்டும் நொந்து பயனென்ன?

வியர்வைக் காலத்திலே மார்பிலும் முதுகிலும் படரும் தேமல் பூஞ்சையால் வருவது. சுரண்டினால் பொடி உதிரும். பூச்சு மருந்துக்குப் பணிந்துவிடும். நகத்திலே பூ விழுந்தால் புதுத்துணி வரும் என்பார்கள். பெரும்பாலும் அது நகம் எங்கோ இடிபட்ட அடையாளம். நகம் வளர வளர நகர்ந்து ஒழியும். ஆனால் விரல்களின் நகமெல்லாம் முழுதுமே வெளுத்திருந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். அதற்குப் பாட்டிமொழி எதுவும் நம்மிடம் இல்லை.

இனி அந்தப் பெரியவரின் வாய்க்கு வருவோம். குழந்தையின் நாவிலே படியும் வெண்படலம் துடைத்தால் பெயர்ந்து அடியில் சிவப்புத் தெரிந்தால், அது பூஞ்சை; மருந்துண்டு. புகையிலை அடக்கும் இடத்திலே எழும் வெள்ளைத் திட்டோ, துடைத்தாலும் போகாது. வலிப்பதுமில்லை, அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. எல்லாத் திட்டுகளும் புற்றாவதில்லை, சில ஆகும். எது ஆகும் என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தே அறியவேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் நிலைத்திருந்தால் பல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அன்று பெண்ணைப் பெற்றவர் விளக்கொன்றை எடுத்து வந்து, “ஐயா, போகுமுன் சற்று வாயைத் திறந்து காட்டுங்கள்” என்று கேட்டிருந்தால், நாம் அவரைப் பாராட்டியிருப்போம்.