பெயர் எவருக்கு? பேறு எவருக்கு?

யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் அணி, லங்கா பிரீமியர் லீக்கின் முதல் ஐந்து பருவங்களுள் நான்கில் கிண்ணத்தை வென்றது. 2020, 2021, 2022, 2024 ஆகியவை அதன் வெற்றி ஆண்டுகள். 2023இல் மாத்திரம் கிண்ணம் கண்டி அணியிடம் சென்றது. இத்துணைச் சிறப்பெய்திய அவ்வணி, அந்த ஐந்து பருவங்களிலும் யாழ்ப்பாண மண்ணிலே ஒரு போட்டியேனும் ஆடியதில்லை. ஊரின் பெயர் ஊரைவிட்டுப் புறப்பட்டு அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் கண்டியிலும் புகழ் தேடியது. ஊர் மக்களோ தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து கைதட்டினர். இந்நிலையை ஆராய்வது விளையாட்டுப் பக்கத்து நிருபரின் வேலை மாத்திரமன்று. உரிமை என்ற சொல்லின் பொருளை அறிய விரும்பும் ஒவ்வொருவரின் கடனுமாகும்.

முதற் பருவத்தின் கதையைச் சுருங்கக் கூறுவோம். 2020 நவம்பர் 26ஆம் நாள் போட்டித் தொடர் அம்பாந்தோட்டையில் ஆரம்பமாயிற்று. கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக அரங்கில் பார்வையாளர் ஒருவருமில்லை. யாழ்ப்பாண அணி அப்போது ஜப்னா ஸ்டாலியன்ஸ் எனப் பெயர் பூண்டிருந்தது. திசர பெரேரா அதன் தலைவர். புலம்பெயர் தமிழர் சிலரும் அதன் உரிமையாளர்களுள் இருந்தனர். டிசெம்பர் 16ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டியில் அவ்வணி 188 ஓட்டங்களைக் குவித்து, காலி அணியை 53 ஓட்டங்களால் வீழ்த்தியது. பாகிஸ்தானின் சொயிப் மாலிக் ஆட்டநாயகனாகத் தெரிவானார். அடுத்த ஆண்டு லைக்கா நிறுவனம் உரிமையைப் பெற்றுக்கொள்ள, அணியின் பெயர் ஜப்னா கிங்ஸ் என மாறிற்று. 2021இல் மீண்டும் காலி அணியையும், 2022இல் கொழும்பு அணியையும் வென்று கிண்ணத்தைக் காத்தது. 2024 ஜூலை 21ஆம் நாள் கொழும்பில் நடந்த இறுதிப் போட்டியில் காலி அணி பெற்ற 184 ஓட்டங்களை, தென்னாபிரிக்கரான ரைலி ரூசோவின் சதத்தின் துணைகொண்டு, ஒரே விக்கெட்டை இழந்து கடந்தது.

இவ்வெற்றிகளால் நம்மவர் உள்ளம் பூரித்தது உண்மை. அதனை இகழ்வதற்கில்லை. நீண்ட யுத்தத்தின் செய்தியாகவே உலகம் கேட்டறிந்த ஓர் ஊரின் பெயர், வெற்றியின் செய்தியாக ஒலித்தது சிறு காரியமன்று. அவ்வணியினாற் கதவு திறக்கப்பெற்ற ஓர் இளைஞரையும் நாம் மறத்தலாகாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசெம்பர் 4ஆம் நாள், தம் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், கொழும்பு அணிக்கெதிராகக் களமிறங்கினார். 2024 மே மாதத்தில் அவர் ஐ.பி.எல். போட்டியில் ஐதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். கதவு ஒன்று திறந்தால் நம் பிள்ளைகள் எவ்வளவு தூரம் செல்வர் என்பதற்கு அவர் சாட்சி.

ஆயினும் சட்டம் கற்றவன் சாட்சியத்தோடு நின்றுவிடக் கூடாது. உறுதியைப் பிரித்துப் படிக்க வேண்டும். இவ்வகை லீக்கில் ஓர் அணி என்பது யாது? அது ஒரு சங்கமன்று, ஊராரின் கழகமுமன்று. கிரிக்கெட் நிறுவனம் ஒரு நகரத்தின் பெயரைக் குறித்த காலத்துக்கு ஒரு முதலாளிக்கு ஒப்பந்தத்தின் மூலம் வழங்குகின்றது. முதலாளி பணம் செலுத்துகின்றார். தெரிவிலோ ஏலத்திலோ வீரர்களைப் பெற்றுக்கொள்கின்றார். விளம்பரத்தில் வருவாய் தேடுகின்றார். வீரனின் நெஞ்சிலே நம் ஊரின் பெயர் இவ்வாண்டு இருக்கும். அடுத்த ஆண்டு அவன் வேறோர் ஊரின் பெயரை அணிவான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. அது அவன் தொழில். ஆனால் அவ்வொப்பந்தத்தில் கையொப்பமிட்ட தரப்புகள் எவை? கிரிக்கெட் நிறுவனம் ஒன்று, முதலாளி மற்றொன்று. பெயருக்குரிய மக்கள் எங்கே? அவர்கள் அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினரல்லர். 2025இல், ஒப்பந்தக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை எனக் கூறி, ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆகிய இரண்டினதும் உரிமம் முடிவுறுத்தப்பட்டது. நான்கு கிண்ணங்களை வென்ற பெயர் மீண்டும் விற்பனைக்குரியதாயிற்று. அப்போதும் யாழ்ப்பாணத்து மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டிய சட்டக் கடமையும் எவருக்கும் இருக்கவில்லை.

படுவான்கரையின் கமக்காரருக்கு இதனை விளக்குவது எளிது. காணி ஒருவருக்குரியது; அதிற் குத்தகைக்கு உழுபவர் வேறொருவர்; மழை பொய்த்தால் நட்டம் உழுதவனுக்கு, விளைந்தால் முதற்பங்கு காணிக்காரனுக்கு என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டத்தினால், உழுபவனுக்கும் அந்நிலத்தில் ஓர் உரிமையுண்டு, அவனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் வலுப்பெற்றது. அச்சட்டத்தின் குறைகள் பல, கொள்கையோ செம்மையானது. ஒரு பொருளுக்கு மதிப்பைத் தருபவன் எவனோ, அவனுக்கு அப்பொருளில் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணம் என்ற பெயருக்குச் சந்தையில் மதிப்பைத் தந்தவர் அதன் மக்கள். 1904ஆம் ஆண்டு தொடக்கம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடிவரும் வடக்கின் பெரும்போர் அம்மதிப்பின் வேர்களுள் ஒன்று. வேருக்கு நீர் வார்த்தவருக்குக் கனியில் பங்கில்லையெனின் அது எவ்வகை நீதி?

மட்டக்களப்பு மக்களுக்கு அணி என்பதன் பொருள் புதியதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறியில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வளைந்த கொம்புகள் இரண்டைக் கோத்துக் கயிறு கட்டி இருபுறமும் இழுப்பர். ஒன்று முறியும்வரை ஓய்வில்லை. எவர் எச்சேரி என்பது பிறப்போடும் குடியோடும் வந்தது, பணத்தால் மாறாதது. தோற்ற சேரியின் வெட்கமும் வென்ற சேரியின் களிப்பும் மெய்யானவை. பழைமைக்கு நாம் மீளவேண்டுமென்று கூறவில்லை. தொழில்முறை விளையாட்டு வந்துவிட்டது, அதனாற் பல இளைஞர் பிழைக்கின்றனர், அது வளரட்டும். ஆனால் ஊரின் பெயரைக் கொண்ட அணிக்கும் ஊருக்கும் கயிறளவேனும் தொடர்பு இருத்தல் வேண்டுமென்று கேட்பது பிழையாகுமா?

இனிக் கிழக்கின் நிலையைக் காண்போம். கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து பெயர்கள் அந்த ஐந்து பருவங்களிலும் ஆடின. மட்டக்களப்பின் பெயரோ, திருகோணமலையின் பெயரோ, அம்பாறையின் பெயரோ அவற்றில் இல்லை. வடக்கின் பெயராவது விற்கப்பட்டது. கிழக்கின் பெயரை வாங்குவாரும் இல்லை. இதைக் கண்டு, “எமக்கும் ஓர் அணி வேண்டும்” என்று சிலர் குரலெழுப்புகின்றனர். அவர்களுடைய மனக்குறை நியாயமானது. வேண்டுகோள் மாத்திரம் தலைகீழானது. கூரையை முதலில் வேய்ந்து சுவரைப் பின்னர் எழுப்ப முடியாது.

வெல்லாவெளிப் பிள்ளைகள் எங்கே ஆடுகின்றனர்? அறுவடை முடிந்த வயலிலே, மென்பந்தைக் கொண்டு ஆடுகின்றனர். பெரும்போகம் தொடங்கினால் மைதானம் மறைந்துவிடும். கடினபந்தும், புற்தரை ஆடுகளமும், பயிற்றுநரும் வேண்டுமெனின் வாவியைக் கடந்து எழுவான்கரைக்குச் செல்லவேண்டும். 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் பயணத்தைச் சுருக்கியது உண்மையே. எனினும் பாடசாலை விட்டபின் பஸ் ஏறிச் சென்று, பயிற்சி முடித்து, இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். இருட்டிய பின் பாதையில் யானை நிற்கும். இக்கணக்கைப் போட்டுப் பார்க்கும் தாய், மகனைப் பந்து வீச அனுப்புவாளா? திறமை இல்லாமையால் அன்று, திரும்பிவர வழியில்லாமையாலேயே பிள்ளையின் ஆட்டம் முடிகின்றது.

தமிழ்நாட்டில் ஒரு பாடம் உண்டு. அங்கு கிரிக்கெட் சங்கம் 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கைத் தொடங்கி, மாவட்டங்களின் பெயரால் அணிகளை அமைத்தது. திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும் பின்னர் சேலத்திலும் கோவையிலும் ஆட்டங்களை நடத்தியது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி என்னும் சிற்றூரில், எளிய கூலிக் குடும்பத்திற் பிறந்து, இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடிய நடராசன், அப்போட்டியின் வழியாக வெளியுலகுக்குத் தெரிந்தார். 2020 டிசெம்பர் 4ஆம் நாள், நம் வியாஸ்காந்த் அம்பாந்தோட்டையில் களமிறங்கிய அதே நாளில், அவர் அவுஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக இருபது ஓவர் ஆட்டத்தில் அறிமுகமானார். பின்னர் தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார். அது 2023இல் திறக்கப்பட்டது. அங்கே பெயரோடு களமும் மாவட்டங்களுக்குச் சென்றது.

மற்றொரு பக்கத்தையும் மறைக்காமற் கூறவேண்டும். பணம் புரளுமிடத்திற் களவு புகும். விளையாட்டுக் குற்றங்களைத் தடுப்பதற்கு 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் உண்டு. ஆட்ட நிர்ணயம் பத்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2024 மே மாதத்தில் ஓர் அணியின் உரிமையாளரே அச்சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். அவ்வணியின் உரிமம் உடனே நீக்கப்பட்டது. இது உரிமையாளரோடு முடியும் கதையன்று. கைத்தொலைபேசியில் பந்துக்குப் பந்து பந்தயம் கட்டும் பழக்கம் கிராமங்களிலும் நுழைந்துவிட்டது. நெல் விற்ற காசு, உரத்துக்கு வைத்த காசு, ஓர் இரவில் எவனோ ஒருவனின் சட்டைப்பைக்குச் செல்லுமெனின், அந்த லீக் நமக்குத் தந்த பேறு யாது?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை நான்கு. முதலாவது: ஒரு மாவட்டத்தின் பெயரை எவருக்கேனும் வழங்கும் ஒப்பந்தத்தில், அம்மாவட்டத்து மைதானங்களுக்கும் பாடசாலைகளுக்கும் வருவாயின் ஒரு பங்கு செல்லுமென்ற விதி எழுதப்பெற வேண்டும். இரண்டாவது: உள்ளூர் இளைஞர் பட்டியலிற் பெயராக மாத்திரம் நில்லாது, களத்தில் இறங்கும் பதினொருவருள் ஒருவராயேனும் இடம்பெறும் விதி வேண்டும். மூன்றாவது: 2025 செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவில் அடிக்கல் நாட்டப்பட்ட சர்வதேச மைதானம் அடிக்கல்லோடு நின்றுவிடாமலும், அத்தீவின் ஈரநிலத்துக்கு ஊறு செய்யாமலும் நிறைவேற வேண்டும், நிறைவேறியபின் யாழ்ப்பாண அணி அங்கு ஆடியே தீரவேண்டும். நான்காவது: கிழக்கிற்கு அணிக்கு முன்னர் களம் வேண்டும். படுவான்கரையில் ஒரு புற்தரை ஆடுகளம், ஒரு நிலையான பயிற்றுநர், மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகளை ஊர்தோறும் இறக்கிவிட ஒரு பஸ். இம்மூன்றும் ஒரு வெளிநாட்டு வீரனின் ஒரு பருவக் கூலிக்கு முன் பெருந்தொகையாகா.

இவற்றை யார் கேட்பது? சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் பொறியியலாளரும், ஒப்பந்தம் என்றால் என்னவென்று அறிந்தவர்கள். மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள், யாப்பைக் கேட்டுப் படியுங்கள், கணக்கைக் கேளுங்கள். கமக்காரரே, நவகிரிக் குளத்து நீரை எந்நாளிற் திறப்பது, எந்நாளிற் பூட்டுவது என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரியின் முன் எழுந்து நின்று பேசித் தீர்மானிப்பவர் நீங்கள். அக்குரல் பிள்ளைகளின் மைதானத்துக்காகவும் பிரதேச செயலகத்திற் கேட்கட்டும். அடுத்த பருவம் தொடங்கி, யாழ்ப்பாணத்தின் பெயர் மறுபடியும் தொலைக்காட்சியில் ஒலிக்கும் நாளில், நாம் மகிழ்ந்து கைதட்டுவோம். அதற்குமுன் நமக்குரிய பங்கு எந்த வாசகத்தில், எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு வைப்போம். எழுதப்படாத உரிமையை எந்த நீதிமன்றமும் எடுத்துத் தராது.