தறி வீட்டுக்கு ஜிப்சம் போர்டு எதற்கு?

திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது சங்கீத மண்டபத்து விதானத்தைத் தான். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ல் கட்டிய மண்டபம் அது. தீர்த்தங்கரர் கதைகளைச் சொல்லும் ஓவியங்களை எல்லோரும் ரசிக்கிறார்கள். அவற்றைத் தாங்கி நிற்கும் சுண்ணாம்புப் பூச்சை யாரும் கண்டுகொள்வதில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் 1931-ல் வெளிப்பட்ட பல்லவர் ஓவியங்களின் மிச்சமும் இப்படி ஒரு பூச்சின் மேல் தான் இருக்கிறது.

இதே வட்டாரத்தில் (பெயரில் பருத்தி, பிழைப்பில் பட்டு!) பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, சுவர் பொரிந்திருந்தால் "ஜிப்சம் போர்டு அடித்து மூடிவிடுங்கள்" என்ற யோசனை சுலபமாகக் கிடைக்கிறது. நடுவில் ஜிப்சம், இரு பக்கமும் காகிதம், மாட்டுவதற்கு இரும்புச் சட்டம். ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் 1894-ல் காப்புரிமை பெற்ற பலகையின் வாரிசு இது. மரச்சட்ட வீடுகளுக்குப் பொருத்தமான சரக்கு தான். ஏற்கெனவே செங்கல் சுவர் நிற்கும் தறி வீட்டுக்கு அது எதற்கு?

குழித்தறியில் நெய்பவர் கால் வைக்கும் பள்ளம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே ஈரம் ஏறும். சுவரின் அடிப்பகுதியும் நீரை மேலே இழுக்கும். அதன்மேல் போர்டு அடித்தால் ஈரம் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவு தான். பின்னால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். பக்கத்திலேயே தறியில் பாவு இருக்கிறது. பட்டில் கறை விழுந்தால் அடி விழுவது நெய்பவரின் கூலியில். சிமெண்ட் பூச்சும் ஈரத்தை உள்ளேயே அடைத்து, உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சு தான் ஈரத்தைக் காற்றுக்கு விட்டுக்கொடுக்கிறது.

ஆனால் "சுண்ணாம்புக்குத் திரும்புவோம்" என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத் தான் இறுகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தறி நின்றால் கூலி நின்றது. அத்தனை நாள் அடுப்பு எப்படி எரியும்? செட்டிநாட்டு மாளிகைக்குச் சொல்லும் யோசனையை ஒற்றைத் தறி வீட்டுக்கு அப்படியே சொல்வது நியாயமில்லை.

வீடு முழுக்க ஒரே பூச்சு வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தறிக்கூடத்தில் ஈரம் ஏறும் அடிச்சுவருக்கு மட்டும், மூன்று நாலு அடி உயரத்துக்கு, செங்கல் பொடி கலந்த சுண்ணாம்புச் சாந்து போதும். செங்கல் பொடி சேர்ந்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். ஒரு நேரத்தில் ஒரு சுவராகப் பூசினால், மூடி வைத்த தறி சில நாளில் மறுபடி ஓடும். மாடி அறை, உள்தடுப்புச் சுவர் போன்ற உலர்ந்த இடங்களுக்கு ஜிப்சம் பூச்சு நல்லது. போர்டில் உள்ள அதே ஜிப்சம், காகிதம் இல்லாமல் நேராகச் செங்கல் மேல். அரை மணி நேரத்தில் இறுகிவிடும், தண்ணீர் ஊற்றி ஆற்றும் வேலையும் கிடையாது. நீரில் கரையும் என்பதால் குளியலறைப் பக்கம் மட்டும் வேண்டாம்.

கூரை ஒழுகினால் முதலில் கூரையைப் பாருங்கள், எந்தப் பூச்சும் ஒழுகலை நிறுத்தாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்கவும் நாள் ஆகும். ஆகவே தையில் ஆரம்பித்தால், அடுத்த ஐப்பசிக்குள் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்.