ஆவணி மழையும் ஒற்றை வரி அறிவிப்பும்

கண்டி வீதியில் கப்பல்துறையைத் தாண்டித் தம்பலகாமம் பக்கம் போகிறவர்கள் இந்த நாட்களில் வண்டியை மெதுவாக்கித்தான் போக வேண்டும். சிறுபோக அறுவடை நேரம். வீதியோரம் நெடுகப் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருக்கிறார்கள். கடந்த கிழமை ஒரு பின்னேரம், மூன்று மணி இருக்கும், கந்தளாய்ப் பக்கம் வானம் கறுத்தது. காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரே ஓட்டம். பிள்ளைகள் படங்கின் மூலைகளைப் பிடித்து நடுவுக்கு இழுக்க, அவர் இரண்டு கையாலும் நெல்லைக் குவித்தார். பாதியை மூடுமுன் மழை விழுந்துவிட்டது. இருபது நிமிடத்தில் மறுபடி வெயில். நெல் மட்டும் நனைந்து கிடந்தது.

நெல் சந்தைப்படுத்தல் சபைக்கு உத்தரவாத விலையில் கொடுக்க வேண்டுமானால் ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு நாள் காய்ந்த நெல் இருபது நிமிட மழையில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதன் பிறகு தனியார் வியாபாரி சொன்னதுதான் விலை.

அன்று காலை வானொலி வானிலை அறிவிப்பைச் சொல்லத்தான் செய்தது. கிழக்கு, ஊவா மாகாணங்களில் பிற்பகலில் சில இடங்களில் மழையோ இடியுடன் கூடிய மழையோ பெய்யக்கூடும் என்ற, நாம் மனப்பாடமாக அறிந்த வரிதான் அது. அந்த வரி பொய்யில்லை. ஆனால் கொக்கிளாய்க்குத் தெற்கே தொடங்கிப் பொத்துவிலுக்கும் அப்பால் போகிற மாகாணத்தில் "சில இடங்கள்" எவை? பிற்பகல் என்றால் இரண்டு மணியா, ஏழு மணியா? நெல் காயப் போடுகிறவருக்குத் தேவையானது இந்த இரண்டு பதில்கள்தான். வரும் வாரத்துக்கும் இதே வரி போதாது என்பதே எமது நிலைப்பாடு.

இந்த மாவட்டத்து மழைக்கு ஒரு கணக்கு உண்டு. நீண்டகாலச் சராசரியில் ஜூன் மாதம் திருகோணமலைக்குக் கிடைப்பது 26 மில்லிமீற்றர் அளவுதான். ஆகஸ்டில் அது 90ஐ நெருங்குகிறது, செப்டம்பரில் 100ஐத் தாண்டுகிறது, நவம்பரிலும் டிசம்பரிலும் மாதத்துக்கு 330க்கு மேல் போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். ஆனி, ஆடியில் அது ஓயாது. ஆவணியில் அதன் பிடி தளரும் நாட்களில் கொட்டியாரக்குடாப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே ஏறுகிறது. இரண்டும் முட்டுகிற இடத்தில் முகில் திரண்டு இடி இடிக்கிறது. கந்தளாயில் கொட்டித் தீர்க்கும் நேரத்தில் கிண்ணியாவில் துளிகூட விழாது. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இப்படியென்றால், மாகாணத்துக்கு ஒரு வரி என்ன செய்யும்?

கடலுக்கும் இதே கதைதான். மேற்குக் கரை கொந்தளிக்கும் இந்த மாதங்களில் எங்கள் கடல் அமைதி என்று நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்களும் இங்கே வந்து வாடி போடுகிறார்கள். அந்த அமைதியை முழுதாக நம்பக் கூடாது. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்பாது, தண்ணீர் தட்டையாகத் தெரியும். சில மைல் வெளியே போன பிறகுதான் காற்றின் பலம் தெரியும். அங்கே இஞ்சின் நின்றால் படகு கரைக்கு ஒதுங்காது, வெளிக்கடலுக்கே போகும். கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுக்கிற தொழிலாளிக்கு வெளியே என்ன காற்று என்று முதல் நாள் மாலையே, தன் இறங்குதுறையின் பெயரோடு தெரிய வேண்டும்.

வெப்பமண்டலத்து இடிமழையை மணிக்கணக்காகச் சொல்வது உலகில் எங்கும் கடினம் என்பதை வளிமண்டலவியல் திணைக்களத்தார் சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் "பெய்யக்கூடும்" என்பதோடு நிறுத்தாமல், பத்தில் ஆறு பங்கு வாய்ப்பா, இரண்டு பங்கா என்று சொல்லுங்கள் என்கிறோம். இரண்டு என்றால் விவசாயி துணிந்து படங்கு விரிப்பார், ஆறு என்றால் நெல்லை மூடையிலேயே வைத்திருப்பார். முன்னறிவிப்பு தவறலாம், அதை மன்னிப்போம். எதையும் சொல்லாத முன்னறிவிப்பை வைத்து என்ன செய்வது? இடிமழையைத் தொடர்ந்து கண்காணிக்க டொப்ளர் ராடார் வேண்டும். புத்தளத்திலும் பொத்துவிலிலும் அதை அமைக்க ஜப்பானிய நிதியுதவிக்கு 2017இலேயே ஒப்பந்தமாகி, வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்தத் தாமதத்தின் விலையைக் கிழக்கு மக்களே கொடுத்தார்கள்.

நாலு மூடை நெல்லுக்கு ஒரு தலையங்கமா என்று கேட்பவர்கள் கார்த்திகை, மார்கழி மாதங்களை நினைத்துப் பார்க்கட்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் கடந்து வந்தது திருகோணமலையை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது எங்களுக்குச் சற்று வடக்கே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது, மூதூர், வெருகல் பக்கம் ஊர்கள் தண்ணீரில் நின்றன. அப்போது தமிழில் வந்த எச்சரிக்கைகள் பிந்தின, குறைந்தன என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதிய நாடு இது.

எச்சரிக்கையை நம்புவது ஒரே இரவில் வருகிற பழக்கம் இல்லை. ஆவணியில் பத்து முறை அறிவிப்பைக் கேட்டுப் பத்து முறையும் தனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று கண்டவர், கார்த்திகை நள்ளிரவில் "வெளியேறுங்கள்" என்ற குரல் வரும்போது வாசலில் நின்று யோசிப்பார். அந்த யோசனைக்குள் ஆறு பெருகிவிடும். சாதாரண வாரத்து முன்னறிவிப்பு ஊருக்குப் பயன்பட்டால்தான் அசாதாரண இரவின் எச்சரிக்கைக்கு ஊர் எழும்பும்.

இதற்குப் புதுக் கட்டடமோ பெரும் பணமோ தேவையில்லை. மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஏழு நாள் மழை வாய்ப்பு, காற்று, கடல் நிலை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில், ஒரே ஒரு தாளில் தரட்டும். கச்சான், வாடை என்று மக்கள் வாயில் உள்ள சொற்களிலேயே அது இருக்கட்டும். வியாழன் மாலை கமநல சேவை நிலையங்களிலும் மீன் இறங்குதுறைகளிலும் ஒட்டி, பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளில் வாசிக்கச் செய்யலாம். கிராம சேவகரின் கைத்தொலைபேசிக்கு அது முதலில் போகட்டும்.

பெரும்போகக் கூட்டங்கள் கூடப்போகின்றன. அங்கே தண்ணீர் திறக்கும் நாளைக் கேட்கும் கமக்காரர் அமைப்புகள் இந்தத் தாளையும் கேட்க வேண்டும். கடற்றொழில் சங்கங்களும் சேர்ந்து கேட்கட்டும். மாவட்டச் செயலாளரும் வளிமண்டலவியல் திணைக்களமும் செப்டம்பர் முடியுமுன் முதல் தாளை ஒட்டிக் காட்ட வேண்டும். ஐப்பசி பிறந்தால் வாடை தொடங்கிவிடும்.